காசு இல்லாம கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு என்ன செய்ய முடியும்? ரிட்டயர்டு ஹெச்எம் ஒருத்தரோட பதில்

கேட்டது இதுதான்: பொண்ணு கவர்ன்மென்ட் ஆரம்பப் பள்ளியில மூணாவது படிக்கிறா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, சாயங்காலம் கொஞ்ச நேரமும் சனிக்கிழமையும்தான் கிடைக்கும், நன்கொடை குடுக்குற அளவுக்கு வசதி இல்ல, ஆனா ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு. வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், மாமியார் கூடவே இருக்காங்க, ஹெச்எம் கிட்ட எப்படிப் போய் பேசறதுனு தயக்கமா இருக்கு.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்ல ரொம்ப வருஷம் டீச்சராவும் ஹெச்எம்மாவும் இருந்து ரிட்டயர் ஆனவ. அதனால மேஜைக்கு அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த தயக்கத்தப் பத்தி. ஒரு பெற்றோர் உள்ள வர்றாங்கன்னா பெரும்பாலும் டிசி கேக்க வருவாங்க, இல்லனா "என் பையன அந்தப் பையன் அடிச்சுட்டான்"னு சண்டைக்கு வருவாங்க, நல்ல விஷயத்துக்கு வர்றவங்க ரொம்ப கம்மி, அதனால நீங்க வந்து நின்னா ஹெச்எம் முகத்துல முதல்ல ஒரு யோசனை தெரியும், அத தப்பா எடுத்துக்காதீங்க. ஈராசிரியர் பள்ளினா நிலைமைய நினைச்சுப் பாருங்க, அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் ஹெச்எம், காலைல சிற்றுண்டி வந்துச்சா, மதியம் சத்துணவுக்கு முட்டை வந்துச்சா, எமிஸ்னு சொல்ற கல்வித்துறை ஆன்லைன் பதிவுல அட்டென்டன்ஸ் போட்டாச்சா, வட்டார வள மையத்துல மீட்டிங், நடுவுல வாக்காளர் பட்டியல் வேலை, இதுக்கு நடுவுலதான் பாடம். அவங்க கிட்ட போய் "நான் என்ன செய்யட்டும் டீச்சர்"னு பொதுவா கேட்டா அதுக்கு யோசிக்கிறதே அவங்களுக்கு இன்னொரு வேலை ஆயிடும், "சொல்றேன்மா"னு சொல்லி அனுப்பிடுவாங்க. அதனால கையில ரெண்டு மூணு விஷயத்தோட போங்க. "வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னால முடியும், பசங்கள உக்கார வச்சு படிக்க வைக்கலாம், இல்ல நூலகப் புத்தகம் அடுக்கி நோட்டு போட்டுத் தரலாம், இல்ல என் வீட்டுக்காரர் ஃபேன் ஸ்விட்ச் எல்லாம் பாத்துத் தருவாரு, இதுல உங்களுக்கு எது உதவியா இருக்கும்?" இப்படிக் கேட்டீங்கன்னா அவங்களுக்கு பதில் சொல்ல வசதி. காலைல மணி அடிக்கிற நேரத்துல போகாதீங்க, சாயங்காலம் பசங்க கிளம்பினதும் போங்க. ஜூன் முதல் வாரம் அட்மிஷன் நெரிசல், பரீட்சை வாரமும் வேண்டாம்.

அடுத்து, நீங்க ஏதோ சலுகை கேட்டுப் போறதா நினைக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009ல பிரிவு 21னு ஒண்ணு இருக்கு, அரசுப் பள்ளி ஒவ்வொண்ணுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்எம்சினு சொல்றோமே அது இருந்தே ஆகணும், அதுல நாலுல மூணு பங்கு பெற்றோரா இருக்கணும், பாதி பேர் பெண்களா இருக்கணும். நம்ம தமிழ்நாட்டுல ரொம்ப வருஷம் இது பேருக்குதான் இருந்துச்சு, ஹெச்எம் நோட்டை தெருவுக்கு அனுப்பி கையெழுத்து வாங்கின ஊர்லாம் உண்டு. 2022ல மொத்தமா கலைச்சுட்டு பெற்றோரக் கூட்டி தேர்வு வச்சு புதுசா அமைச்சாங்க, தலைவர் பொறுப்புக்கு அம்மாக்களுக்கு முன்னுரிமைனு சொன்னாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 2024ல மறுபடி அமைச்சப்ப முன்னாள் மாணவர்களையும் சேத்தாங்க. பள்ளியோட வளர்ச்சித் திட்டத்தை எழுதறது, வர்ற பணம் எப்படி செலவாகுதுனு பாக்கறது, பசங்க ஒழுங்கா வர்றாங்களானு பாக்கறது, இதெல்லாம் சட்டப்படி அந்தக் குழுவோட வேலை. கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வழக்கமா நடக்கும், தேதிய ஸ்கூல்லயே கேட்டுக்கோங்க. உறுப்பினரா இல்லைனாலும் உறுப்பினரா இருக்குற அம்மா யாருனு கேட்டு அவங்க கூட பேசலாம், உங்க தெருவுலயே ஒருத்தர் இருப்பாங்க. அந்தக் கூட்டத்துல நாலு நல்ல கேள்வி கேக்குற ஒரு அம்மா, அஞ்சாயிரம் ரூபாய்க்கு சேர் வாங்கித் தர்றவர விட ஸ்கூலுக்கு பெரிய பலம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

என்ன கேள்வினு கேப்பீங்க. ஒண்ணு சொல்றேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல வருஷா வருஷம் பள்ளி மானியம்னு ஒரு தொகை உண்டு, பசங்க எண்ணிக்கைய வச்சு, 30 பேருக்குள்ள இருந்தா 10,000, 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, இப்படி விதிமுறை. அதுல குறைஞ்சது பத்துல ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்கு செலவு பண்ணணும். இந்த வருஷம் அது வந்துச்சா, வந்ததுல டாய்லெட்டுக்கு என்ன வாங்கினோம், தண்ணி வருதானு கேக்கலாம். குற்றம் கண்டுபிடிக்கிற குரல்ல கேக்காம, "வரலைனா நாம எல்லாரும் சேந்து தீர்மானம் போட்டு அனுப்பலாமா டீச்சர்"னு கேளுங்க. ஹெச்எம் தனியா எழுதற லெட்டருக்கு இருக்குற கனம் வேற, இருபது பெற்றோர் கையெழுத்து போட்ட தீர்மானத்துக்கு இருக்குற கனம் வேற, எனக்கே அப்படித்தான் எத்தனையோ வேலை நடந்திருக்கு. கிராமமா இருந்தா அந்தத் தீர்மானத்தை கிராம சபைக்கு எடுத்துட்டுப் போங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துல ஆறு தடவ கூடுது. காம்பவுண்டு சுவர், தண்ணித் தொட்டி, ஸ்கூல் முன்னாடி தெருவிளக்கு இதெல்லாம் ஊராட்சி கையில இருக்குற விஷயம்.

இப்ப உங்க நேரத்துக்கு வர்றேன். சனிக்கிழமை உங்களுக்கு லீவு, ஆனா ஸ்கூலுக்கும் பெரும்பாலும் லீவுதான், சாவி ஹெச்எம் கிட்டயோ டீச்சர் கிட்டயோ இருக்கும், உங்களுக்காக அவங்களும் கிளம்பி வரணும்னா நாலு வாரத்துல சலிச்சுப் போயிடும். அதனால சனிக்கிழமை வேலைய ஸ்கூல்ல வைக்காம தெருவுல வைங்க. உங்க வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், அங்கன்வாடி வராண்டா, எங்க வேணா. பத்து பசங்க, ஒரு மணி நேரம், கதை படிக்கிறது. அவ்ளோதான். கேக்க சின்னதா இருக்கும், ஆனா மூணாவது படிக்கிற குழந்தைக்கு இதவிட பெரிய உதவி எதுவும் இல்லம்மா. மூணாவதுல சரளமா வாசிக்க வரலைனா நாலாவதுல சமூக அறிவியலும் புரியாது, கணக்குல வர்ற வாக்கியக் கணக்கும் புரியாது, அப்புறம் அந்தக் குழந்தை வாய் திறக்காம கடைசி வரிசைக்குப் போயிடும்.

இது நடக்குமான்னு சந்தேகம் வேண்டாம், நம்ம ஊர்லயே நடந்து காட்டியாச்சு. கொரோனாவுல ஸ்கூல் ஒன்றரை வருஷம் கிட்ட மூடிக் கெடந்துச்சே, அதுக்கப்புறம் 2021 அக்டோபர் 27 அன்னைக்கு விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல இல்லம் தேடிக் கல்வினு, தன்னார்வலர்கள் தெருவுலயே நடத்துற சாயங்கால வகுப்புத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, ஒரு ஆளுக்கு 20 பசங்க, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு மணிக்குள்ள. அஞ்சாவது வரைக்கும் சொல்லித்தர பிளஸ் டூ முடிச்சிருந்தா போதும், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் டிகிரி. லட்சக்கணக்குல வந்தாங்க, முக்கால்வாசிக்கு மேல பெண்கள்தான், கல்யாணம் ஆகி படிப்ப ஓரம் கட்டி வச்சுட்டு வீட்டுல இருந்த பொண்ணுங்க. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோனு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுல சுமார் 19,000 பசங்கள வச்சு ஆய்வு பண்ணாங்க, கொரோனாவுல விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துக்குள்ள திரும்பி வந்துடுச்சு, அப்படி மீண்டதுல நாலுல ஒரு பங்கு கிட்ட இந்த சாயங்கால வகுப்பாலதான்னு எழுதியிருக்காங்க. பி.எட் படிச்சவங்க இல்ல, பக்கத்து வீட்டு அக்காக்கள் செஞ்ச வேலை அது. இப்ப அந்த மையங்கள ரொம்ப குறைச்சுட்டாங்க, எனக்கு அதுல வருத்தம்தான், ஆனா உங்க தெருவுல முன்னாடி நடத்தின அக்கா இன்னும் இருப்பாங்க இல்லையா, அவங்களத் தேடிப் பிடிங்க, அவங்களுக்கு பசங்களோட பேரும் தெரியும் எந்தப் பையன் எதுல தடுமாறுவான்னும் தெரியும்.

எப்படி நடத்தறதுனா, முதல்ல பொண்ணோட கிளாஸ் டீச்சர் கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. சின்ன வகுப்புப் பசங்களுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையா வரவைக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்துல பசங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சு சொல்லித்தர்றாங்க. எழுத்தே தடுமாறுற குழந்தை அரும்பு, அதுக்கு மேல கொஞ்சம் வந்துட்டா மொட்டு, அந்த வகுப்புக்குரிய பாடத்தையே படிக்க முடிஞ்சா மலர். உங்க கிட்ட வர்ற பசங்க எந்த நிலைனு தெரிஞ்சா நீங்க டீச்சர் போற வழியிலேயே போகலாம், அவங்க ஒரு பக்கம் இழுக்க நீங்க ஒரு பக்கம் இழுக்க வேண்டாம். ஆனா அந்த நிலையோட பேரை பசங்க முன்னாடி சொல்லாதீங்க, மத்த அம்மாக்கள் கிட்டயும் சொல்லாதீங்க, "உன் பையன் இன்னும் அரும்புலதான் இருக்கானாமே"னு ஒரு பேச்சு தெருவுல வந்துச்சுன்னா அந்தக் குழந்தை அடுத்த வாரம் வராது. புத்தகத்துக்கு காசு செலவு பண்ண வேண்டாம். 2023ல வாசிப்பு இயக்கம்னு ஆரம்பிச்சு நுழை, நட, ஓடு, பறனு நாலு படிநிலையில குட்டிக் குட்டி புத்தகங்கள் போட்டு ஸ்கூலுக்குக் குடுத்தாங்க, ரொம்ப அழகான புத்தகங்கள், நிறைய இடத்துல பீரோவுக்குள்ளயே இருக்கு. கிழிஞ்சா யாரு பதில் சொல்றதுனு டீச்சருக்கு பயம், அதனாலதான். "நான் பொறுப்பு, நோட்டு போட்டு வாங்கிட்டுப் போய் திருப்பித் தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. ஊஞ்சல், தேன்சிட்டு பழைய இதழ்களும் கட்டு கட்டா இருக்கும்.

இன்னொண்ணு, படிக்க வைக்கிறது டியூஷன் மாதிரி ஆயிடக் கூடாது. ஹோம்வொர்க் முடிச்சுக் குடுக்கறதுனு ஆரம்பிச்சா முழு நேரமும் அதுலயே போயிடும். நீங்க சத்தமா ஒரு கதை படிங்க, அப்புறம் அவங்க ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கட்டும், தடுமாறினா உடனே திருத்தாம ஒரு மூச்சு விடுற நேரம் பொறுங்க, பாதிப் பிள்ளைங்க தானே திருத்திக்கும். அடிக்கிறது, தலையில குட்டறது, மட்டம் தட்டிப் பேசறது எதுவும் கூடவே கூடாது, டீச்சருக்கே சட்டப்படி தடை, உங்களுக்கும் அதே விதிதான்.

மாமியாரப் பத்திக் கேட்டிருந்தீங்க. அவங்கதான் உங்க வீட்டுல இருக்குற பெரிய சொத்து, நிஜமா சொல்றேன். காலைல ஸ்கூல் நேரத்துல வரக்கூடிய ஆள் அவங்க ஒருத்தர்தானே. பல்லாங்குழி தெரியுமானு கேளுங்க. எண்ணறது, கூட்டறது, நாலு நாலா பிரிக்கிறது எல்லாம் அதுக்குள்ள இருக்கு, எண்ணும் எழுத்தும் வகுப்புல இந்த மாதிரி பொருள் வச்சு விளையாடுற வேலைக்கு நேரமும் இருக்கு. விடுகதை, பழமொழி, ஊர்ல ஏரி எப்ப வெட்டினது, அந்தக் காலத்துல வெள்ளம் வந்தப்ப எங்க போய் தங்கினாங்க, எந்தக் கீரை எந்த மாசம் வரும்னு அவங்க சொல்ற கதைய பசங்க கண்ணு கொட்டாம கேக்கும். ஸ்கூல்ல கொஞ்சம் மண்ணும் தண்ணியும் இருந்தா கீரைப் பாத்தி, முருங்கை, பப்பாளி போடலாம், சத்துணவுல சேரும், அதுக்கு ஒரு பெரியவங்க வாரத்துல ரெண்டு தடவ வந்து பாத்தா போதும், மே மாச லீவுல தண்ணி ஊத்த ஆள் இருக்கணும் அது முக்கியம், லீவுலதான் எல்லா பள்ளித் தோட்டமும் காய்ஞ்சு போகுது. கலைத் திருவிழானு வருஷா வருஷம் போட்டி நடக்குதே, அதுக்கு கும்மி, ஒயிலாட்டம், நாட்டுப்புறப் பாட்டு சொல்லித்தர டீச்சருக்கு எல்லா நேரமும் தெரியாது, ஊர்ல தெரிஞ்ச பெரியவங்க, பறை அடிக்கிற அண்ணன், சிலம்பம் தெரிஞ்ச தாத்தா வந்தா பசங்க மாவட்டப் போட்டி வரைக்கும் போயிடுங்க.

மாமியார் இன்னொண்ணும் செய்யலாம், அது எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். அப்பப்ப போய் பசங்களோட பந்தியில உக்காந்து சாப்பிடட்டும். காமராஜர் 1956ல எட்டயபுரத்துல மதிய உணவு ஆரம்பிச்சாரு, அந்தத் திட்டத்தை முதல்ல தாங்கினதே ஊர் ஜனங்கதான், அரிசி, காய்கறி, விறகுனு ஆளாளுக்கு குடுத்து ஓட்டினது. அந்த வழியில 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்துச்சு, சமைக்கிறது மகளிர் சுய உதவிக் குழு பெண்கள், அதே ஸ்கூல்ல பிள்ளை படிக்கிற அம்மாவா இருந்தா முன்னுரிமை. ஆனா அதே எட்டயபுரம் பக்கத்துல ஒரு கிராமத்துல, 2023ல, தலித் பெண் சமைச்சதுனு சொல்லி பிள்ளைங்கள சாப்பிட விடாம தடுத்தாங்க பெத்தவங்க, கனிமொழி எம்பி நேர்ல போய் பசங்களோட உக்காந்து சாப்பிட வேண்டி வந்துச்சு. எம்பி வர்ற வரைக்கும் அது போயிருக்கவே கூடாது. ஊர்ல மதிப்பா இருக்குற ஒரு பாட்டி முதல் நாளே தட்ட எடுத்துட்டுப் போய் அந்த வரிசையில உக்காந்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். சாப்பாடு எப்படி இருக்கு, உப்பு சரியா, முட்டை எல்லாருக்கும் வருதா, தட்டு கழுவற இடம் வழுக்குதா, இதெல்லாமும் அப்படி உக்காந்தாதான் கண்ணுல படும்.

வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன்னு சொன்னீங்களே, சந்தோஷம். பழைய கட்டடம்னா ஸ்விட்ச் பாக்ஸ் மூடி இல்லாம இருக்கும், ஃபேன் ஆடிக்கிட்டு இருக்கும், மோட்டாருக்கு எர்த் சரியா இருக்காது, ஸ்மார்ட் போர்டு வந்திருக்கும் ஆனா அதுக்கு தனி பாயின்ட் இல்லாம எக்ஸ்டென்ஷன் பெட்டியில ஓடிக்கிட்டு இருக்கும். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஐப்பசி மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வருஷத்துல ரெண்டு நாள் வந்து எல்லாத்தையும் பாத்து எழுதிக் குடுத்தாருன்னா போதும். மழைக்கு முன்னாடி பாக்கறது ரொம்ப ரொம்ப முக்கியம், ஈரச் சுவர்ல கரன்ட் கசிவு எத்தனை உயிர வாங்கியிருக்குனு அவருக்கே தெரியும். ஆனா ஒரு சின்ன ஒழுங்கு உண்டு. ஹெச்எம் அனுமதி வாங்காம எதையும் கழட்டக் கூடாது, பழைய சாமான எடுத்துட்டுப் போகக் கூடாது, ஏன்னா ஒவ்வொண்ணும் இருப்புப் பதிவேட்டுல ஏறியிருக்கும், உடைஞ்ச ஃபேனுக்கும் கணக்கு உண்டு. மாத்தின ஸ்விட்சுக்கு பில் இருந்தா அதையும் பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க. இதே மாதிரிதான் கொத்தனார், பெயின்டர், பிளம்பர், தச்சர் எல்லாருக்கும். டாய்லெட் கதவுக்கு தாழ்ப்பாள் இல்லாததால பொம்பளப் பிள்ளைங்க காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருக்குறது எத்தனையோ ஸ்கூல்ல நடக்குது, ஒரு தாழ்ப்பாள் அடிக்க எவ்ளோ நேரம் ஆகும்.

பணம் பத்தி ஒரு வார்த்தை. ஊர் கூடி மேளதாளத்தோட தாம்பாளத்துல நோட்டு, பேனா, சேர், பீரோ, குடம்னு ஸ்கூலுக்கு கல்விச் சீர் கொண்டு போற வழக்கம் இப்ப நிறைய ஊர்ல இருக்கு, பாக்கவே கண்ணு கலங்கும் எனக்கு. இது புதுசும் இல்ல, 1950கள் கடைசியில நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநரா இருந்தப்ப பள்ளிச் சீரமைப்பு மாநாடுனு ஊர் ஊரா நடத்தி, ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவைனு முதல்ல பட்டியல் போட்டு, ஊர்க்காரங்களே அத நிறைவேத்த வச்சாரு. பட்டியல் முதல்ல, பொருள் அப்புறம், அந்த வரிசைய நாம மறந்துடறோம். ஏற்கனவே அஞ்சு சுவர்க்கடிகாரம் இருக்குற ஸ்கூலுக்கு ஆறாவது கடிகாரம் வரும், குடிதண்ணிக்கு டம்ளர் இருக்காது. அதனால கேட்டுட்டுக் குடுங்க. ரொக்கமா யார் கையிலயும் குடுக்காதீங்க, எஸ்எம்சி அக்கவுன்ட்ல போட்டு ரசீது வாங்குங்க, அது உங்க ஹெச்எம்முக்கும் பாதுகாப்பு. வெளிநாட்டுல, பெங்களூர்ல இருக்குற பழைய மாணவர்கள் குடுக்க நினைச்சா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி தளம் வழியா தன்னோட ஸ்கூலையே தேர்ந்தெடுத்து குடுக்கலாம்.

யாரும் அதிகமா பேசாத ஒரு வேலை இருக்கு, பேப்பர் வேலை. என்னக் கேட்டா இப்ப இருக்குற நிலைமையில படிச்ச பெற்றோர் செய்யக்கூடிய பெரிய தொண்டு அதுதான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார்ல பேர் தப்பு, பேங்க் அக்கவுன்ட் ஆதாரோட சேராம இருக்குறது, இதுல ஏதாவது ஒண்ணால பிள்ளைங்களுக்கு வர வேண்டிய பணம் நின்னு போகுது. கூலி வேலைக்குப் போற அம்மா ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு இ-சேவை மையத்துக்கு அலைய முடியாது. உங்க பக்கத்துல நடுநிலைப் பள்ளி இருந்தா எட்டாவது பசங்களுக்கு என்எம்எம்எஸ் பரீட்சை இருக்கே, மத்திய அரசு உதவித்தொகை, பாஸ் பண்ணி தேர்வானா ஒன்பதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் மாசம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துல 48,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வரும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. மனத்திறன் கேள்விக்கு பழக்கம்தான் வேணும், பேங்க் பரீட்சை, டிஎன்பிஎஸ்சினு படிச்சுக்கிட்டு இருக்குற தம்பி தங்கச்சிங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, அவங்க தினம் தீர்க்குற எண் தொடர், குறியீடு, திசைக் கணக்குதான் அதுலயும். வாரத்துல ஒரு நாள் அவங்க சொல்லிக் குடுத்தா அவங்களுக்கும் அது பயிற்சி. அதே மாதிரி பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் காலேஜ் அப்ளிகேஷன், இன்ஜினியரிங் கவுன்சலிங், அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய், இதெல்லாம் தெரியாம கடைசித் தேதிய விட்டுட்டு சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போன பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். ஒரு லேப்டாப்போட மே மாசம் நாலு சாயங்காலம் அந்த மேல்நிலைப் பள்ளி வராண்டாவுல உக்காந்தா போதும்.

வராத பிள்ளைய வரவைக்கிறதும் இதுல சேரும். டீச்சர் போன் பண்ணா "வருவான் டீச்சர்"னு சொல்லி வச்சுடுவாங்க, பக்கத்து வீட்டுக்காரி போய் கேட்டா உண்மை வெளிய வரும், தம்பிய பாத்துக்க ஆள் இல்ல, செங்கல் சூளைக்கு கூட்டிட்டுப் போயிட்டோம், பிள்ளை வயசுக்கு வந்துட்டா அனுப்ப பயமா இருக்கு. காரணம் தெரிஞ்சாதானே வழி பண்ண முடியும். ரெண்டு அம்மாக்கள் சேந்து நாலு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்ற ஏற்பாடு பண்ணாலே சில வீட்டுல பிரச்சனை தீந்துடும்.

கடைசியா பாதுகாப்பு, இத கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். 2024ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளியில போலி என்சிசி முகாம் நடத்தி பிள்ளைங்களுக்கு நடந்த கொடுமை எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே வருஷம் சென்னையில அரசுப் பள்ளிக்கு பேச வந்த ஒருத்தர் மாற்றுத்திறனாளிகளப் பத்தி முன்ஜென்மம் பாவம்னு பேசி பெரிய பிரச்சனை ஆச்சு. அதனால இப்ப வெளியாள உள்ள விட ஹெச்எம் ஆயிரம் யோசிப்பாங்க, மேல அனுமதி வாங்கணும்னு சொல்வாங்க, அடையாள அட்டை கேப்பாங்க. கோபப்படாதீங்க, உங்க பொண்ணையும் சேத்துதான் பாதுகாக்கறாங்க. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போட்டுட்டு உள்ள போங்க. எந்தக் குழந்தையோடயும் மூடின ரூம்ல தனியா இருக்காதீங்க, ஆணா இருந்தாலும் பெண்ணா இருந்தாலும். பசங்க போட்டோவ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. தெருவுல நடத்துற வாசிப்பு வகுப்பும் அப்படித்தான், எல்லாரும் பாக்குற இடத்துல, குறைஞ்சது ரெண்டு பெரியவங்க, இருட்டறதுக்கு முன்னாடி முடிக்கணும். ஒரு குழந்தை உங்க கிட்ட யாராவது தொட்டாங்க, அடிக்கிறாங்கனு சொன்னா "யார் கிட்டயும் சொல்லமாட்டேன்"னு வாக்கு குடுக்காதீங்க, குறுக்கு விசாரணையும் பண்ணாதீங்க, சொன்னத சொன்ன மாதிரி கேட்டுட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு கூப்பிடுங்க, கல்வித்துறை உதவி எண் 14417ம் இருக்கு.

அப்புறம் டீச்சர் போஸ்ட் காலியா இருந்தா அந்த இடத்துல நீங்களே போய் தினம் பாடம் எடுத்து நிரப்பிடாதீங்க. நல்ல மனசோட செய்வீங்க, ஆனா மேல இருக்குறவங்களுக்கு "அங்கதான் சமாளிக்கிறாங்களே"னு ஆயிடும். தன்னார்வலர் டீச்சருக்கு துணைதான், மாற்று கிடையாது, காலிப் பணியிடத்துக்கு எஸ்எம்சில தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கணும்.

உங்க வீட்டுக்கு நான் சொல்றது இவ்ளோதான்: இந்த மாசம் எஸ்எம்சி கூட்டம் எப்பனு கேட்டு அதுக்குப் போங்க, அன்னைக்கே கிளாஸ் டீச்சர் கிட்ட வாசிப்பு பத்திப் பேசிட்டு நாலு புத்தகம் வாங்கிட்டு வாங்க, முதல் சனிக்கிழமைக்கு பத்து பேர் எல்லாம் வேண்டாம், உங்க பொண்ணும் அவ ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் போதும். வீட்டுக்காரர அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மாசம் விடாம நடந்துச்சுன்னா ஹெச்எம்மே உங்களக் கூப்பிட்டு அடுத்த வேலை சொல்வாங்க, முடியாததா இருந்தா "இது என்னால முடியாது டீச்சர்"னு அப்பவே சொல்லிடுங்க, அவங்களும் வேற ஆள் பாத்துப்பாங்க.